சீட்டுக்கு அடியில் சிவப்புப் பெயிண்ட்

மனித உடம்பில் பொய் சொல்லத் தெரியாத ஒரே உறுப்பு பின்புறம்தான். கண் பொய் சொல்லும். நாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கை, நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போடும். பின்புறம் மட்டும் தனக்குப் பிடிக்காத இடத்தில் ஒரு நிமிடம்கூட நடிக்காது, நெளிய ஆரம்பித்துவிடும். மற்ற சாதனைகளையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், நாகரிகம் என்பது மனிதன் தான் உட்காரும் இடத்தைச் சரிசெய்துகொண்டே வந்த கதை. பாறை, பலகை, நாற்காலி, அதற்கப்புறம் நான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை இன்ஸ்பெக்டர் மேடம். நீங்கள் அக்காவின் வண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அக்கா எப்படிச் செத்தாள் என்று புரிய வேண்டுமானால், சீட் எப்படிச் செய்கிறோம் என்று முதலில் புரிய வேண்டும். உங்கள் நாற்காலி இடது பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கிறது. அதனால்தான் வந்ததிலிருந்து இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொள்கிறீர்கள். எனக்குப் போட்டிருக்கும் ஸ்டூலைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

என் பட்டறை ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு வெல்டிங் மிஷின், ஒரு தையல் மிஷின், சுவரோரம் செத்துப்போன வண்டிகளின் பாகங்கள். ஜீப்பின் சட்டத்தில் பணக்காரக் காரின் ஸ்பிரிங்கைக் கோப்பேன். வேனின் ஃபோமைச் செதுக்கி முதுகுக்குக் கொடுப்பேன். லாரியின் பெல்ட்டைத் துவைத்து ஆட்டோவுக்குப் போடுவேன். ஒரே சீட்டில் நாலைந்து வண்டிகளின் ஆவி இருக்கும், சண்டை போடாமல். செய்யச் சொல்பவரை முதலில் ஈர மணல் மூட்டை மேல் உட்கார வைப்பேன். அவர் எழுந்த பிறகு மணலில் இருக்கும் குழியைப் பார்த்தாலே ஆளைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும். எந்தப் பக்கம் சாய்கிறார், எங்கே வலி, எவ்வளவு சோம்பேறி, எல்லாம்.

ஆனால் சீட் தயாரானதும் இந்த ஜனங்கள் செய்வதைப் பார்க்க வேண்டுமே. உள்ளங்கையால் ஒரு தடவல், மாட்டுக்காரன் மாட்டைத் தடவுகிற மாதிரி. கட்டைவிரலால் ஒரு அமுக்கு. தையல் நேராக ஓடுகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடி ஒரு பார்வை. "நல்லா மெத்துன்னு இருக்கு" என்று ஒரு சான்றிதழ். அந்த மெத்தைதான் ஓடுகிற வண்டியில் அவர்களைப் பிடித்து வைக்கப்போகிறது என்ற நினைப்பு. பிடித்து வைப்பது அடியில் இருக்கிற இரும்பு. அதைக் குனிந்து பார்த்தவன் கிடையாது. "அடியில என்ன போட்டிருக்கேன்னு பாக்குறீங்களா?" என்று நானே கேட்பேன். உடனே முகத்தில் ஒரு பெருந்தன்மை வரும். "எதுக்குத் தம்பி? நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. முன்பின் தெரியாதவன் கையில் உயிரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். உண்மையான பெயர் வேறு. குனிய வலிக்கிறது, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நான் விளையாட்டாகத்தான் செய்தேன். ஒரு விரிவுரையாளரின் சீட்டுக்கு அடியில் வெள்ளைப் பெயிண்டால் "இதைப் படிப்பவர் அறிவாளி" என்று எழுதி அனுப்பினேன். ரொம்ப நாள் கழித்து உறைக்கு வேறு கலர் போட வேண்டும் என்று அதே சீட்டோடு வந்தார். எழுத்து அப்படியே இருந்தது. மேலே படிந்த தூசியில் ஒரு விரல் தடம்கூட இல்லை. அடுத்த ஆளுக்கு "இதை வாங்கியவன் கழுதை" என்று எழுதினேன். அதுவும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வண்டியில்தான் அவர் மகளின் கல்யாண ஊர்வலமே போனது.

எழுத்தால் திருந்தாத ஜனம் என்று புரிந்தது. அப்போதுதான் அந்த ரெயில் கண்ணில் பட்டது.

சீட் முன்னும் பின்னும் நகர அடியில் இரண்டு இரும்புச் சட்டங்கள் இருக்கும், அதைத்தான் ரெயில் என்கிறோம். அதில் பற்கள் இருக்கும். ஒரு நாக்கு அந்தப் பற்களில் கவ்விக்கொண்டு சீட்டைப் பிடித்து வைக்கும். மோதிய வண்டியின் ரெயிலில் பற்கள் மழுங்கியிருக்கும். சமதரையில் ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறும்போதோ ஒரேயடியாக பிரேக் போடும்போதோ நாக்கு நழுவினால், சீட் ஆளோடு சேர்ந்து ஓடும். நான் பாகங்கள் எடுக்கும் பழைய இரும்புக் கடைக்காரரைச் சுத்தியல் என்று கூப்பிடுவோம். மனிதர் எதையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். மழுங்கிய ரெயில்களை அவர் ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார்.

"அதைத் தொடாத. பல்லு போனது. உருக்கத்தான் போகணும்" என்றார்.

"பாக்க நல்லாத்தானே இருக்கு?"

"என் மச்சான்கூடப் பாக்க நல்லாத்தான் இருப்பான். போட்டுட்டு வாடா."

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு கட்டு எடுத்து வந்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது மேடம். மறைத்தால்தான் குற்றம். நான் எதையும் மறைக்கவில்லை. மழுங்கிய ரெயில்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன், பளிச்சென்று, இரண்டு பூச்சு. குருடன்கூடக் குனிந்தால் கண்டுபிடித்துவிடலாம். குனிந்து பார்த்து "இது என்ன சிவப்பு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், கைகுலுக்கி, நல்ல ரெயிலை மாட்டி அனுப்புவதாக இருந்தேன். காலேஜில் எனக்கு வைத்த தேர்வுகளில் இவ்வளவு நியாயம் இருந்ததில்லை. அங்கே விடையைச் சிவப்பில் எழுதியா கொடுத்தார்கள்?

ஒருவர் தேறினார். அவர் சாவி கை தவறி சீட்டுக்கு அடியில் விழுந்துவிட்டது. எடுக்கக் குனிந்தவர் பார்த்துவிட்டார். உடனே மாற்றிக் கொடுத்தேன். அதிர்ஷ்டத்தில் பாஸ் ஆகிறவர்கள் எல்லாப் பரீட்சையிலும் இருக்கத்தான் செய்வார்கள்.

மற்றவர்கள் தடவிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, ஏறி உட்கார்ந்து போனார்கள். ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்கு, சரிவில் பிரேக் அடித்தபோது சீட் முன்னால் ஓடி, ஸ்டீயரிங்கில் மோதித் தோள் எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு பட்டறைக்கு வந்தார். மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். அவர் வந்தது உறையில் விழுந்த கிழிசலைத் தைக்க.

"உங்க சீட்டு மட்டும் இல்லேன்னா போய்ச் சேர்ந்திருப்பேன் தம்பி. அவ்வளவு மெத்துன்னு தாங்கிடுச்சு" என்றார்.

கண் கலங்கியிருந்தது. கிழிசலைத் தைத்து, அதே ரெயிலில் மாட்டி அனுப்பினேன். இரண்டாவது வாய்ப்பிலும் குனியாதவனுக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

சரி, அக்கா.

அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் அக்காதான். காலேஜில் சேர்த்துவிட்டவள் அவள்தான். நான் பாதியில் விட்டுவிட்டு வந்தபோது ஒரு வார்த்தை திட்டாமல், இந்தக் கொட்டகைக்குத் தகரம் பிடித்தவளும் அவள்தான். நான் மேலே ஏறி ஆணி அடிக்க, அவள் கீழே நின்று தகரத்தைத் தலைக்கு மேல் தாங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு அது விடவே இல்லை. அந்த முதுகோடுதான் தினமும் விடிகாலையில் ரொட்டி வேனை ஓட்டிக்கொண்டு கடை கடையாகப் போவாள்.

ஒருநாள் பட்டறை வாசலில் வேனை நிறுத்தி, கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

"ஏன்டா பெரிய விஞ்ஞானி. ஊர்ல இருக்குறவனுக்கெல்லாம் சிம்மாசனம் செய்யுற. உன் அக்கா மட்டும் பலகைல உக்காந்து ரொட்டி விக்கணுமா?"

"நீ கேக்கவே இல்லியே."

"கேட்டாத்தான் செய்வியா? கூடப் பொறந்தவன்தானே? இல்ல ஆஸ்பத்திரில மாத்திக் குடுத்துட்டாங்களா?"

மணல் மூட்டையில் உட்கார வைத்தேன். "புடவை நனையுதுடா" என்றாள். "அசையாதக்கா" என்றேன். "அசைய முடிஞ்சா இங்க எதுக்கு வரேன்" என்றாள். மணலில் விழுந்த குழியைக் கையால் அளந்தேன். எந்தக் கணுவில் முதுகு மடங்காது, எந்த இடத்தில் வலி உட்கார்ந்திருக்கிறது என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்று வண்டிகளின் ஃபோமை அடுக்கி, வலிக்கிற இடத்தில் மட்டும் பள்ளம் விட்டு, என் வாழ்நாளிலேயே சிறந்த சீட்டைச் செய்தேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியில் ரெயில். அலமாரியில் நல்லதும் இருந்தது, சிவப்பும் இருந்தது.

நல்லதைத்தான் முதலில் எடுத்தேன். பிறகு யோசித்தேன். அக்காவுக்கு மட்டும் நல்லதைப் போட்டால், மற்றவர்களுக்கு நான் செய்ததற்கு என்ன பெயர்? எல்லோருக்கும் வைத்தால்தான் அது தேர்வு. வேண்டியவர்களைத் தவிர்த்துவிட்டு வைத்தால் அது வெறும் கொலை முயற்சி. நான் கொலைகாரன் இல்லை மேடம். எனக்குக் கொள்கை உண்டு. அதனால் சிவப்பை மாட்டினேன்.

இருந்தாலும் கூடப் பிறந்தவள் ஆயிற்றே. யாருக்கும் கொடுக்காத சலுகை ஒன்று அவளுக்குக் கொடுத்தேன்.

"அக்கா, அடியில ஒரு தடவை குனிஞ்சு பாரேன்."

"குனியுற முதுகா இருந்தா உன்கிட்ட எதுக்குடா சீட்டு கேக்குறேன்?" என்று சிரித்தாள். உறையைத் தடவினாள். ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். "நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மற்றவர்கள் சொல்லும்போது வருகிற எரிச்சல் அப்போதும் வந்தது. அவள் சொன்னதால் குறையவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அவள் தினமும் சாயங்காலம் பட்டறைக்கு வந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். மீந்த ரொட்டி கொடுப்பாள். "வலியே இல்லடா. மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பாள். வேன் வாசலிலேயே நிற்கும், கதவு திறந்தபடி. ஸ்பேனர் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அவள் டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் ரெயிலை மாற்றியிருக்கலாம்தான். ஆனால் நாளைக்குக் குனிவாள், நாளைக்குக் கேட்பாள் என்று காத்திருந்தேன். வலிதான் போய்விட்டதே, இனிமேல் குனிய என்ன தடை?

நீங்கள் ஏதோ கேட்க வருகிறீர்கள். அவளால் குனியவே முடியாது என்று எனக்குத் தெரியாதா என்றுதானே? தெரியும். கேள்வித்தாளைப் படிக்க முடியாதவளுக்குத் தேர்வு வைத்தேன். வைக்கும்போதே தெரியும்.

பாலத்துக்கு ஏறும் மேட்டில் சீட் பின்னால் ஓடியிருக்கிறது. கால் பெடலை விட்டுவிட்டது. ரொட்டிப் பாரத்தோடு வேன் பின்னால் உருண்டு, ஏறி வந்துகொண்டிருந்த லாரியில் மோதியது. லாரிக்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. பாவம், அவரை விட்டுவிடுங்கள்.

வேனை இழுத்துக்கொண்டு போய்ச் சுத்தியல் கடையில்தான் போட்டார்கள். அது யாருடைய வண்டி என்று அவருக்குத் தெரியாது. எனக்குப் போன் செய்தார்.

"அருமையான சீட்டு ஒண்ணு வந்திருக்குடா. வண்டி அப்பளம், சீட்டுல ஒரு தையல்கூடப் பிரியல. உன் கைவேலை மாதிரியே இருக்கு, வந்து எடுத்துக்க."

பேசிக்கொண்டே அவர் வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டிக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார்.  பிறகு, "என்னடா இது சிவப்பு?" என்றார். இத்தனை நாளில் அந்தக் கேள்வியைத் தானாக அடியில் பார்த்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். முழு மதிப்பெண். அவர் நேராக உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

மற்ற வண்டிகள் எங்கே என்று கேட்கிறீர்கள். யார் யாருக்குச் சிவப்பு மாட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. ஊரில் எல்லோரையும் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாளிலிருந்து நான் கேட்டதும் அதைத்தானே.

வேறு நாற்காலி கொண்டுவரச் சொன்னீர்களா? ரொம்ப நன்றி. ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு மரத்துவிட்டது. பரவாயில்லையே, உறை நல்ல உறையாகத்தான் இருக்கிறது, தையல்கூட நேர்த்தி. கையை வைத்தால் உள்ளே போகிறது. மெத்தென்று இருக்கிறது மேடம். இதில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

இவ்வளவும் நான் சொன்னதா? இத்தனை பக்கமா? இல்லை, படிக்கவெல்லாம் வேண்டாம், பேனாவைக் கொடுங்கள். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்.