பக்கத்து நாற்காலிக்கு ஒரு வூஃபர்

மாலை ஐந்தரை மணி. ஜனவரி. டுலூத் நகரத்திலிருந்து வடக்கே போகிற ஏரிக்கரைச் சாலை... அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. எதிரே ஒரு வண்டி இல்லை. வலது பக்கம் ஏரி. கண்ணுக்குத் தெரியவில்லை. பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசி முனகுகிற சத்தம் மட்டும்.

வெண்டல் ஹாகன் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். பக்கத்து சீட்டில் ஒரு சப்வூஃபர். அடித்தொனிக்கு மட்டுமே ஆன ஸ்பீக்கர், கனமான கறுப்புப் பெட்டி. பின்னால் போட்டால் உருளும் என்று முன்னால் வைத்திருந்தார். வண்டி அதை ஆள் என்று நினைத்துக்கொண்டது. டிங்... டிங்... பெல்ட் போடு, பெல்ட் போடு என்று ஒரே மணிச் சத்தம்.

ஓரமாக நிறுத்தினார். குனிந்து, பெட்டிக்கு பெல்ட் மாட்டிவிட்டார்.

மணி நின்றது.

மனைவி லோர்னா செத்துப்போன பிறகு அந்த சீட்டுக்கு பெல்ட் மாட்டியது அன்றைக்குத்தான்.

இந்த இடத்தில் ஆர்னி கதையை நிறுத்தி, காஸ் அடுப்பில் கையைக் காட்டிக் காய்ந்தார். ஆர்னி லோர்னாவின் தம்பி. டென்னி வீட்டு நிலவறையில் மாதம் ஒருமுறை கூடுகிற ஸ்டீரியோ சங்கம் அது. விழுந்ததும் ஐஸாகிற உறைமழையில் மரம் விழுந்து, கரையோரம் முழுக்க கரண்ட் போயிருந்தது. சுவர் நீளத்துக்கு ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், விரல் தடிமனில் ஒயர்கள். உலகத்தின் மிகத் துல்லியமான ஒலி என்று மாதாமாதம் சத்தியம் செய்யப்பட்ட அத்தனையும் இருட்டில் பழைய பீரோக்கள் மாதிரி நின்றன. சங்கத்தார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஒடுங்கியிருந்தார்கள்.

"வூஃபரா? வெண்டலா?" என்றார் மெர்ல். எதையும் நம்பாத ஆள். "ரெண்டாவது வூஃபர் வாங்குறவன் மொத வூஃபர வைக்கத் தெரியாதவன்னு நமக்கெல்லாம் குச்சி வச்சு பாடம் நடத்துன மனுஷனாச்சேய்யா."

"அதனாலதான் யாருக்கும் சொல்லாம போயி வாங்கியிருக்காரு. நீ குறுக்க பேசாத," என்றார் ஆர்னி.

வெண்டல் பாட்டுக் கேட்பவர் அல்லர். பாட்டுக்கு முன் ஆஜர் ஆகிறவர். ஒயர்கள் தரையில் பட்டால் ஒலி அசுத்தமாகிவிடும் என்று அவற்றைப் பீங்கான் கட்டைகள் மேல் படுக்க வைத்திருந்தார். விருந்தாளி இருமக் கூடாது. சரியான இடம் அந்த அறையில் ஒன்றே ஒன்று: இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், அவருடைய நாற்காலி. லோர்னாவின் மர நாற்காலி ஓரத்தில். அதில் உட்கார்ந்து அவள் ஸ்வெட்டர் பின்னுவாள்.

முதல் வூஃபர் வந்தபோது முறைப்படி செய்தார். வூஃபரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, பாட்டை ஓடவிட்டு, தரையில் காதை வைத்துத் தவழ்ந்தார். பேஸ், அந்த அடித்தொனி, எந்த இடத்தில் நன்றாக விழுகிறதோ அங்கே வூஃபரை வைத்தால், நாற்காலியிலும் அப்படியே விழும். அந்த அடுப்பைச் சுற்றி இருந்த எல்லோருமே தம் வீட்டில் தவழ்ந்தவர்கள்தான்.

"என்ன டாக்டரே, யாரு பல்லு விழுந்துருச்சு?" என்றாள் லோர்னா அன்றைக்கு.

பிறகு அவர் நடு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்ள, அவள் வூஃபருக்குப் பின்னால் முட்டி போட்டுக் குமிழைத் திருகினாள். "இப்போ?" என்பாள். "இன்னும்," என்பார். "இப்போ?" "கொஞ்சம் பின்னாடி." சரியாக அமைந்ததும் அவள் எழுந்து தன் நாற்காலிக்குப் போய்க் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"எனக்கு இங்க ஒண்ணும் வரல டாக்டரே. கொசு பாடுற மாதிரி இருக்கு."

காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த டாக்டர் சோதித்துவிட்டு, காது இருபது வயசுப் பெண்ணுக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அவன் மெஷின் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லி வெண்டல் அவளைத் திரும்ப அழைத்து வந்தார். அதற்குப் பிறகு லோர்னா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாப்பாடு ஆறினால் மட்டும் பின்னல் ஊசியால் நாற்காலிக் கையில் தட்டுவாள். டொக்-டொக். இரண்டு தட்டு, வேகமாக. அது 'வாங்க' என்று அர்த்தம். "இதோ வரேன்மா," என்பார். வர மாட்டார். ரெக்கார்டின் அந்தப் பக்கம் ஓடி முடியவேண்டும். மரத்தில் தழும்பு விழுகிறது என்று வேறு கோபித்துக்கொள்வார்.

அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேல். ஒருநாள் நடு நாற்காலியில் காப்பி கொட்டிவிட்டது. உறை காயட்டும் என்று முதல் தடவையாக அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டுப் போட்டார்.

பேஸ் இல்லை.

டபுள் பேஸ் வாசிக்கிறவன் எழுந்து வெளியே போய்விட்ட மாதிரி... இல்லை. எழுந்து ஈர நாற்காலிக்குப் போனார். இருந்தது. திரும்பி வந்தார். இல்லை. மீதி பாட்டெல்லாம் கொசு பாடுகிற மாதிரி. ரெக்கார்ட் முடிகிறவரை அந்த மனிதர் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார்.

"அப்புறந்தான் ரெண்டாவது வூஃபர்," என்றார் ஆர்னி. "அவளுக்கு."

"செத்தவளுக்கு," என்றார் டென்னி, மெதுவாக.

"ஆமா. அவளுக்கு."

வீடு வந்ததும் வெண்டல் பெட்டியை லோர்னாவின் நாற்காலியில் உட்கார வைத்தார். பாட்டை ஓடவிட்டுத் தவழ்ந்தார். முட்டி வலித்தது. கேலி செய்ய யாரும் இல்லை. ஜன்னல் ஓரம், முதல் வூஃபருக்கு நேர் எதிர்ப்பக்கம், ஒரு இடம் அகப்பட்டது. வூஃபரை அங்கே இறக்கினார். ஆம்ப்பில் வூஃபருக்கு ஒரே வாய்தான். ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற ஒயரைச் செருகி இரண்டுக்கும் கொடுத்தார். இனிக் குமிழ் மட்டும் பாக்கி.

இரண்டு வூஃபர் இருந்தால் இரண்டும் ஒன்றாக மூச்சு விட்டு ஒன்றாக மூச்சு இழுக்க வேண்டும். ஒன்று விடும்போது மற்றது இழுத்தால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் பேஸ் செத்துவிடும். ஃபேஸ் என்பார்கள் அந்த மூச்சுக் கணக்கை; அதைச் சரிசெய்கிற குமிழ் வூஃபரின் முதுகுப்பக்கம் இருக்கும். ஒருத்தர் திருகவேண்டும், இன்னொருத்தர் நாற்காலியில் இருந்து சொல்லவேண்டும். ஒரே ஆள் செய்கிற வேலை இல்லை அது. சங்கத்தில் ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். எப்படிக் கூப்பிடுவார்? குச்சி வைத்துப் பாடம் நடத்தியவர்.

சுவரைப் பார்த்து முட்டி போட்டார். லோர்னாவின் நாற்காலி அவர் முதுகுக்குப் பின்னால். சூடான ஆம்ப்பில் தூசி கருகுகிற வாசனை. அப்புறம்... ஈரக் கம்பளி நூல் வாசனை. தன் கோட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கோட்டு வாசல் பக்கம் மாட்டியிருந்தது.

குமிழைத் திருகினார். வெறும் பழக்கத்தில், வாய்விட்டுக் கேட்டார்.

"இப்போ?"

தன் குரலைத் தானே கேட்டு வெட்கமாகப் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் திருகினார்.

"இப்போ?"

டொக்.

மரத்தின் மேல். ஊசிமுனைச் சத்தம்.

அவர் திரும்பவில்லை. கையைக் குமிழிலிருந்து எடுக்கவும் இல்லை. மெல்லப் பின்னால் திருகினார். ஒன்றும் இல்லை. முன்னால் திருகினார். டொக். இன்னும்... கடைசிவரை, குமிழ் முட்டி நிற்கிறவரை திருகினார்.

டொக்... டொக்... டொக்... டொக்...

நிதானமாக. இடைவெளி பிசகாமல்.

திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலி. பின்னல் பை எப்போதும்போல் தொங்கியது. ஊசி இரண்டும் நூல்கண்டில் குத்தியபடியே இருந்தன.

எழுந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பேஸ் இல்லை. துளி இல்லை. இத்தனை வருஷம் அவள் கேட்ட அதே கொசுப் பாட்டு.

"ஃபேஸ் தலைகீழ், வேறென்ன," என்றார் மெர்ல். "நடு நாற்காலி செத்துப்போகும், ஓர நாற்காலி பொழச்சுக்கும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். குளிர்ல மரம் முறுக்கி டொக்குன்னுருக்கும். இதுக்குப் போயி பேயின்னா எப்பிடிய்யா?"

"ஃபேஸ் தலைகீழ்னு அவருக்கும் தெரியும். ஏன் திருப்பி வைக்கல?"

மெர்ல் அடுப்பின் காஸ் திருகைக் கொஞ்சம் ஏற்றினார்.

"போன மாசம் நான் போயிருந்தேன், இதெல்லாம் அவரே சொன்னாரு," என்றார் ஆர்னி. "என்னைய நடு நாற்காலியில உக்கார வச்சாரு. அந்த ஆளு, அவரு நாற்காலியில, என்னைய. ஸ்டூல் போட்டுப் பக்கத்துல அவரு. பாட்டு ஓடுது. எனக்கு பேஸே வரல. 'அத்தான், என்ன கேக்குறீங்க இதுல?'ன்னேன். 'பாட்டக் கேக்கல'ன்னாரு."

அடுப்பு உஸ்ஸென்றது.

"அப்பத்தான் எனக்கும் விழுந்துச்சு. டொக்... டொக்... என்ன தாளமுன்னு புரியல. நான் கேக்குற பாட்டுக்கு அது ஒட்டவே இல்ல. எந்திரிச்சு அக்கா நாற்காலிப் பக்கம் ரெண்டு எட்டு வச்சேன். பேஸ் காலுக்கடியில ஏறி வந்துச்சு. அந்த டொக்கு, பேஸோட அச்சா விழுது. ஒண்ணு பிசகல. எங்க ரெண்டு பேருக்கும் கேக்காத பேஸுக்கு, மெர்ல். மரம் முறுக்குனா அப்பிடியா முறுக்கும்?"

யாரோ வந்த இருமலை அடக்கிக்கொண்டார். அந்தச் சங்கத்தில் அப்படி ஒரு அமைதி எந்த ஆம்ப்புக்கும் கிடைத்ததில்லை.

"சரி," என்றார் மெர்ல் கடைசியில். குரலில் பழைய மிடுக்கு கொஞ்சம் குறைந்திருந்தது. "அங்கயும் கரண்ட் போயிருக்கும். அந்த ஆளு தனியா இருக்காரு. போனப் போட்டு விசாரி. நாங்களும் கேக்குறோம்."

வெண்டல் வீட்டில் இன்னும் பழைய ஒயர் போன்தான். கரண்ட் போனாலும் பேசும். ஆர்னி தன் செல்போனை அடுப்புப் பக்கத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். மணி நெடுநேரம் அடித்தது.

"ஆர்னியா?"

"ஆமா அத்தான். கரண்ட் இருக்கா?"

"மத்தியானமே போயிருச்சுப்பா. ஒரே இருட்டு."

"வீடு குளிருமே. கணப்புல விறகு போட்டீங்களா?"

"போடணும்... எந்திரிக்க மனசு வரல."

பின்னால் ஒரு சத்தம். செல்போனின் குட்டி ஸ்பீக்கரில், தகரத்தில் தட்டுகிற மாதிரி. டொக்... டொக்... டொக்...

டென்னி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஆர்னியின் குரல் இறங்கிவிட்டது.

"அத்தான்... கரண்ட் இல்லாம என்ன பாட்டு ஓடுது?"

"அதத்தான் நானும் சொல்லிப் பாத்தேன். பாட்டு நின்னுருச்சு லோர்னான்னு. அவ பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்கா." வெண்டல் மெல்லச் சிரித்தார். பாடம் நடத்துகிற குரல் இல்லை அது. அந்தச் சிரிப்பை அவர்களில் யாரும் முன்னால் கேட்டதில்லை. "நல்ல சேதி ஒண்ணு சொல்லட்டுமா ஆர்னி? கொஞ்ச நேரமா எனக்கும் கேக்குது. என் நாற்காலியிலயே. தரையெல்லாம் அதிருது... இவ்வளவு கீழ எறங்குற பேஸ நான் கேட்டதே இல்லப்பா."

"அத்தான், நீங்க மொதல்ல எந்திரிச்சு விறகு போடுங்க. நான் வண்டிய எடுத்துட்டு வரேன்."

தட்டுகிற சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு, வேகமாக, இரண்டு.

டொக்-டொக்.

"இதோ வரேன்மா," என்றார் வெண்டல்.

நாற்காலி கிரீச்சிட்டது. விறகு போட எழுந்துவிட்டார் என்று நினைத்தார்கள். போனைக் கீழே வைக்கவில்லை. அவர்கள் எல்லோரும் செல்போன் மேல் குனிந்து, அவர் மரத்தரையில் நடக்கிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

நடக்கிற சத்தம் வரவில்லை.

கடைசியில் வந்தது, பக்கத்து நாற்காலியிலிருந்து, இரண்டு ஊசிகள் ஒன்றோடொன்று உரசி நிதானமாகப் பின்னுகிற சத்தம்.