அலெம்பிக்கின் பூர்வீகம்

காபி நன்றாக இருக்கிறது ஐயா, எனக்குச் சர்க்கரை மட்டும் வேண்டாம். ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கும் எழுத வசதி.

அகராதி அலுவலகத்தில் சொற்களின் பூர்வீகம் தேடுவது என் வேலை. அலெம்பிக் என்ற ஆங்கிலச் சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். காய்ச்சி வடிக்கிற பழங்காலப் பாத்திரம். ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு கொடுத்தது, பிரெஞ்சுக்கு லத்தீன், லத்தீனுக்கு அரபி, அரபிக்குக் கிரேக்கம். கிரேக்கத்தில் அம்பிக்ஸ் என்றால் கோப்பை. அதோடு தடம் அறுந்துவிடும். 'அதற்கு முன் தெரியவில்லை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு களிமண் பலகையையும் அதில் ஒரு பழஞ்சொல்லையும், அருங்காட்சியக எண்ணோடு நானே கற்பனையாக எழுதிச் சேர்த்துவிட்டேன். முப்பது வருடமாக அந்த ஒரு வரியில்தான் என் பேரும் பதவியும் ஓடிக்கொண்டிருந்தன.

புதிதாக வந்த துணையாசிரியைக்கு நாங்கள் வைத்த பேர் பூதக்கண்ணாடி. அருங்காட்சியகப் பட்டியலைப் புரட்டியவர், அந்த எண்ணில் இருக்கும் களிமண் பலகையில் உள்ளது அந்தக் காலத்தில் யாரோ ஆடு தொலைந்ததற்குக் கொடுத்த புகார் என்று கண்டுபிடித்தார். என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"சார், இத நீங்களே திருத்திடுங்க. நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல. உங்க பேர் கெடக் கூடாது."

தங்கமான மனசு. எனக்கே கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை வரை பொறுப்பதாகவும், அதற்குள் நான் திருத்தாவிட்டால் அவரே திருத்தச் சீட்டைக் கூட்டத்தில் படிக்கப்போவதாகவும் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் சீட்டை எழுதியவரே படிக்க வேண்டும். ஆள் வராவிட்டால் சீட்டு கிடப்பில் போய்விடும்.

புத்தக அறையின் சக்கர ஏணி நகராமல் இருக்க ஒரு பூட்டாணி உண்டு. வெள்ளிக்கிழமை காலை அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மேல்தட்டிலிருந்து கிரேக்க அகராதியின் இரண்டாம் பாகம் வேண்டும் என்று அவரைக் கேட்டதும் நான்தான். மறு பேச்சில்லாமல் ஏறினார், வயதில் மூத்தவர்களிடம் அவ்வளவு மரியாதை. பெரிதாகச் சத்தம் கேட்கவில்லை. புத்தகத்துக்கு அட்டை மட்டும் கிழிந்தது, ஒட்டக் கொடுத்திருக்கிறேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, ஒரே ஒரு வருத்தம்தான். நாலு பேரிடம் சொல்லி என் மானத்தை வாங்கியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். இவ்வளவு படித்த பெண்ணுக்கு அந்த விவரம் போதவில்லை.