வெந்நீர் டாக்டர் திரும்பப் பெற்ற பதில்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் டாக்டரின் துணைவியார், நம் அண்ணி அவர்களே! வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்திருக்கும் ஆய்வுக்கூடத் தோழர்களே! டாக்டரிடம் வேலை கற்ற நான் கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

நம் தலைமை மருத்துவர் போய்விட்டார். மழைக்காலம்தோறும் குழந்தைகளை வலிப்பில் தள்ளிக் கொல்கிறதே, அந்த மூளைக்காய்ச்சலுக்கு எது காரணம் என்று வாழ்நாள் முழுக்கத் தேடியவர் போய்விட்டார். கண்டுபிடித்தாரா? இல்லை. இதை நான் மென்று விழுங்கிச் சொன்னால் அவருக்கே பிடிக்காது.

ஒருமுறை கண்டுபிடித்தார்! இறந்த குழந்தைகளின் முதுகுத்தண்டு நீரைக் கிருமி வளர்க்கும் தட்டுகளில் விட்டுப் பார்த்தால், எல்லாவற்றிலும் ஒரே கிருமி. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தோம். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், மாலை வந்தது. அவர் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டு, "இவ்வளவு சுலபமா கிடைக்காதேப்பா, எங்கேயோ உதைக்குதே" என்றார். வெறும் உப்புநீரை அதே கண்ணாடிக் குழாய்களில் எடுத்துத் தட்டில் விட்டு வளர்த்துப் பார்த்தார். அதே கிருமி! எங்கிருந்து வந்தது? கொதிக்கவைத்த குழாய்கள் சீக்கிரம் ஆறட்டும் என்று நாங்கள் தொட்டித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்போம். கொலைகாரனைத் தேடிப்போய், எங்கள் தொட்டித் தண்ணீரைக் கைது செய்திருந்தோம்!

அன்றுமுதல் குழாய்கள் கொதித்த வெந்நீரிலேயே தானாக ஆறும்வரை காவலுக்கு உட்கார்ந்தார். வெந்நீர் டாக்டர் என்று நீங்கள் வைத்த பெயர் அப்படி வந்ததுதான். தன் டீயை மட்டும் மறந்துபோய்ப் பச்சைத்தண்ணீராகத்தான் குடிப்பார். அண்ணிக்குத் தெரியும்.

சும்மா இருந்திருக்கலாமே! யாருக்குத் தெரியப்போகிறது? அவர் இருக்கவில்லை. அறிவித்த மேடையிலேயே ஏறி, தவறு என்றார். அதோடு விட்டாரா? மகளைப் பறிகொடுத்த ஒரு தையல்காரம்மாவிடம் "இந்தக் கிருமிதான்" என்று சொல்லியிருந்தார். அதையும் திருத்த அந்த அம்மா வீட்டுக்கே போனார். நானும் கூடப் போயிருந்தேன். தையல் மிஷினில் பாதி தைத்த சட்டை கிடந்தது.

"அம்மா, நான் சொன்னது தப்பு. பாப்பா எதனால போச்சுன்னு எனக்குத் தெரியலை."

அந்த அம்மா மிஷினிலிருந்து அந்தச் சட்டையை உருவி மடித்தார். பிறகு சொன்னார்: "என் கையால கொடுத்தது ஏதோதான் அவளைக் கொன்னுடுச்சோன்னு செத்துக்கிட்டிருந்தேன் டாக்டர். கிருமின்னு நீங்க சொன்னப்புறம்தான் எனக்குச் சாப்பாடே இறங்குச்சு. இப்ப அதையும் வாங்கிட்டுப் போறீங்களே."

வெளியே வந்தவர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு பதில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் கடைசிவரை உழைத்தார். கிடைக்கவில்லையே! அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லவேண்டிய இடம் இது. தொடர்வோம். கண்டுபிடிப்போம் என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்! எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மழை பிடித்துக்கொண்டது. இன்று காலை வார்டில் ஒரு குழந்தை போய்விட்டது. எதனால் என்று கேட்டுக்கொண்டு அதன் அப்பா வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். இங்கிருந்து நேரே அவரிடம்தான் போகிறேன். ஏதோ ஒரு கிருமியின் பெயரைச் சொன்னால் போதும், அந்த மனிதர் இன்று கொஞ்சம் தூங்குவார்.

சொல்ல மாட்டேன், டாக்டர். தெரியாது என்றுதான் சொல்வேன். அந்த அப்பா என்னைத் திட்டட்டும். திட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.