அந்த மாடு தண்ணீர் குடித்ததா?

கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் பள்ளி ஆசிரியர், மற்றவர் ஏலக்காய் வியாபாரி. தங்கள் திரைப்படச் சங்கத்துக்கு வரும் ஒரு பெரிய இயக்குநரை அழைத்துவரப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. சின்னமனூர் தாண்டியதும் ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார்.

“ராவுத்தரே, அந்த மாடு கடைசில தண்ணி குடிச்சுச்சா?”

“என்னையக் கேக்குறீக? சாயங்காலம் படத்தப் பாராட்டிப் பேசப்போறது நீங்கதேன சார்?”

“நேத்து சிடியப் போட்டு உக்காந்தேன். வாய்க்கா ஓரத்துல மாடு வந்து நிக்கிது, நிக்கிது, நின்டுக்கிட்டே இருக்கு. அமத்திட்டு எந்திரிச்சுட்டேன்.”

“அவரு படம்னா உசிரையே விடுவீகளே!”

“விட்டேன்தேன். இனிமே நம்மால முடியல. அவார்டு குடுத்தவுகளே முழுசாப் பாத்தாகளான்னு சந்தேகமா இருக்கு. நீங்க பாத்திருப்பீகன்னு நம்பி வந்தேன்.”

“மாடு வாரதுக்கு முன்னாடியே நான் தூங்கிட்டேன் சார்.”

ஆசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“டைரக்டரு, கடைசிக் காட்சி எப்படின்னுதேன் மொதல்ல கேப்பாக. நாலு பேரு முன்னாடி, மைக்கக் கையில குடுத்து.”

தேனி வந்தது. பஸ் ஸ்டாண்டில் தாடிக்காரர் ஒருவர் பெட்டியோடு வெயிலில் நின்றிருந்தார்.

“சார், அந்தா நிக்கிறாக. என்ன சொல்லப்போறீக?”

“குடிச்சிருச்சுன்னே சொல்லிருவோம் ராவுத்தரே. பாவம், அது எம்புட்டு நேரந்தேன் நிக்கும்?”