நெஸ்டர்னு பேரு வச்ச சேவல்

இல்ல சார், கொத்தாது. கால் ரெண்டையும் கட்டித்தான் பைக்குள்ள வச்சிருக்கேன். மூச்சு முட்டக் கூடாதேன்னு தலைய மட்டும் வெளிய விட்டிருக்கேன். நீங்க அந்த பெல்ட்ட மட்டும் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சுக்குங்க, எச்சம் போட்டுடுச்சுன்னா எனக்குத்தான் சங்கடம். மில்லு பெல்ட்டுதானே? புதுசா இருக்கு.

ஆமா, சீட்டெல்லாம் காலியாத்தான் இருக்கு, பாத்தேன். பரவால்ல சார், எனக்கு இதுவே வசதி.

விக்கறதுக்கா? இத யாரும் வாங்க மாட்டாங்க. எங்க ஊருல இதத் தொடவே மாட்டேங்கறாங்க. இது தோத்த சேவல். அய்யோ, சண்டைச் சேவல் இல்ல சார். ஹாக்கில தோத்ததுக்குக் குடுத்த சேவல்.

கெந்துடிகிதான் எங்க ஊரு. கேள்விப்பட்டீங்களா? படாம எப்படி இருப்பீங்க, இந்த வழியில ஓடற பஸ்ஸுல எல்லாம் இதே பேச்சுதான். ஆனா நீங்க எந்தக் கதையக் கேட்டீங்கன்னு தெரியல, ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க. நான் முதல்லயே சொல்லிடறேன், அந்த மேட்ச நான் பாக்கல. அன்னைக்கு ராஜ்காங்பூர்ல எனக்குக் கடைசிப் பரீட்சை. சொல்றதெல்லாம் கேட்டதுதான். பாக்காதத பாத்த மாதிரி சொல்ல எனக்கு வராது. எங்க வீட்டுல காலேஜ் முடிச்ச முதல் ஆளு நான்தான், அதனால ஒண்ணு தப்பா சொல்லிட்டாக்கூட, இதுக்குத்தான் படிச்சியான்னு கேப்பாங்க.

ஹாக்கி தெரியுமா சார் உங்களுக்கு? கொஞ்சம் தெரியுமா. அப்ப சரி.

ஃபைனல்ல பர்காச்சார் ஊருப் பொண்ணுங்களும் எங்க பொண்ணுங்களும். பரிசுக் கெடாவுக்கு மாலை போட்டு கோலுக்குப் பக்கத்துல சாலமரத்துல கட்டியிருந்தாங்களாம், அதப் பாத்துக்கிட்டேதான் ரெண்டு டீமும் ஆடுச்சு. வழக்கம் உங்களுக்கே தெரியும். ஜெயிச்சவங்க கெடாவ அன்னைக்கே அடிச்சுத் திம்பாங்க. தோத்தவங்க சேவல அன்னைக்கே அடிச்சுத் திங்கணும். ஆடுன பொண்ணுங்க அத்தனை பேருக்கும் ஒரு துண்டாவது வரணும். தின்னாச்சுன்னா தோத்தத ஒத்துக்கிட்டாச்சு, அதோட சரி, அடுத்த ஆட்டத்தப் பாக்கலாம்.

எங்க ஊருல ரெண்டு மாசமா தின்னல சார்.

ஒரு கோல் பின்தங்கி இருந்தோம். ஆட்டம் முடியப் போகுது. எங்க ஒலிவ் நடு மைதானத்துலேருந்து பந்த எடுத்துட்டு ஓடி வந்து, டி-க்கு, அதான் கோலுக்கு முன்னாடி போட்ட அரைவட்டத்துக்கு, வெளியிலேருந்தே ஓங்கி ஒரு அடி. கோலுக்கு முன்னாடி என் தங்கச்சி ஜசிந்தா மட்டைய மண்ணுல படுக்க வச்சுக் குனிஞ்சு நிக்கிறா. ஒரே தூசி. பந்து உள்ள. மாந்தல் மேளத்த அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க, பொம்பளைங்க கை கோத்துக்கிட்டு மைதானத்துக்குள்ளேயே ஆட இறங்கிட்டாங்க. இனி ஷூட் அவுட்தான், ஷூட் அவுட்னா எங்க கோல்கீப்பர அடிச்சுக்க ஆளில்ல. அப்பதான் விசில். கோல் இல்லன்னுட்டாரு அம்பயர். வெளியிலேருந்து அடிச்ச பந்து டி-க்குள்ள அதே டீம் ஆளு மட்டையில பட்டாத்தான் கோல், அங்க நின்ன பொண்ணு மட்டையில படல, அதனால செல்லாது.

பட்டுச்சுன்னு எங்க ஆளுங்க. சத்தம் கேட்டுச்சு, டொக்குனு கேட்டுச்சுங்கறாங்க. எங்கம்மா கூட சத்தியம் பண்றா. அம்மா நின்னது பொரிக்கடைகிட்ட, மைதானத்துக்கு அந்தக் கோடி. மாந்தல் சத்தத்துல டொக்குனு எப்படிம்மா கேட்டுச்சுன்னு கேட்டேன். பெத்தவளுக்குக் கேக்கும்டின்னா. அத நான் கணக்குல சேக்கல.

எங்க டீமுக்கு எல்லாம் ஹர்மன் சித்தப்பாதான், சொல்லிக்குடுக்கறது, மட்டை வாங்கிட்டு வர்றது, திட்டுறது எல்லாம். அவரு நேராப் போயி அம்பயர் சட்டையப் பிடிச்சுட்டாராம். நீ எங்க நின்ன, எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டிருக்காரு. அம்பயர் ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்காரு. நான் பாத்தேன், படல. திரும்பத் திரும்ப அதேதான். யாரோ செருப்பு வீசியிருக்காங்க. காதுகிட்ட பட்டுச்சாம். அப்பவும் அதேதானாம், நான் பாத்தேன், படல.

தண்ணி குடிக்கிறீங்களா சார்? பாட்டில் இருக்கு. இல்லையா, சரி.

அந்தச் சேவல எங்க ஊருக்கு யாரும் தூக்கிட்டு வரல. கயித்துல கட்டி இழுத்துட்டு வந்தாங்க. தோக்கவே இல்ல, அப்புறம் எதுக்குச் சேவலத் திங்கணும்னுட்டாரு சித்தப்பா. யாரு வீட்டுலயும் கட்ட மாட்டேன்னதால எங்க வீட்டுக் கொல்லையில விட்டுட்டாங்க. பசங்க அதுக்கு அம்பயர் பேரையே வச்சிட்டாங்க. நெஸ்டர். நெஸ்டர் குஜூர்னு முழுப் பேரு. விடியக்காலைல அது கூவுனா, பாரு, விசில் ஊதிட்டான்னு நாலு வீட்டுலேருந்து திட்டு விழும். அம்மா தவிட்டப் போடறப்போ, இந்தா நெஸ்டர், தின்னு தொலைன்னுதான் போடுவா. ஆனா ஒரு பிடி கூடவே போடுவா, அதையும் சொல்லணும். கொழுத்துப் போச்சு. பக்கத்து வீட்டுச் சேவலயெல்லாம் துரத்துது. இப்ப எங்க தெருவுல பாதிக் குஞ்சு நெஸ்டரோடதுதான்.

சிரிக்கிறீங்க. எனக்கும் முதல்ல சிரிப்பாத்தான் இருந்துச்சு.

அப்புறம் பாத்தா, இவங்க அந்த ஆளோட மில்லுக்கே போறத நிறுத்திட்டாங்க. காஞ்சிபகால்ல அவரு நெல்லு மில்லு வச்சிருக்காரு, எங்க ஊருக்கு அதுதான் கிட்ட. அத விட்டுட்டு இப்ப எல்லாரும் மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு ஆத்தத் தாண்டிப் போறாங்க. அம்மாவுக்கு இடுப்பு நிமிர மாட்டேங்குது. கேட்டா, நெஸ்டர் கை பட்ட அரிசி எனக்கு வேணாங்கறா. எங்க பக்கத்துலேருந்து நெல்லு போகலைன்னா அவரு மிஷின் பாதி நாளு சும்மாதான் நிக்கும். அவரு வீட்டுலயும் சோறு பொங்கணுமில்ல.

மனு எழுதற வேலை என் தலையில விழுந்துச்சு. மாவட்ட ஹாக்கி சங்கத்துக்கு எழுது, இனிமே அந்த ஆளு எங்கயும் விசில் ஊதக் கூடாதுன்னு எழுதுன்னாங்க. ஊருல ஒரு படிச்ச பொண்ணு இருந்து என்ன பிரயோஜனம்னு சித்தப்பா எங்க வீட்டு வாசல்லயே உக்காந்துட்டாரு. பாக்காதத எப்படி எழுதறது. அதனால ஒவ்வொருத்தரா விசாரிச்சேன். ஒலிவோட அண்ணன் போன்ல ஒரு வீடியோ எடுத்திருந்தான். ஊரே அத மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு. பந்து வர்றது, தூசி, உள்ள போறது. பட்டுச்சா படலையான்னு அதுல தெரியாது. எத்தனை தடவ பாத்தாலும் தெரியாது.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுது. ஒலிவ் அடிக்கறப்போ அம்பயர் இந்தப் பக்கமே இல்ல. ரெண்டு அம்பயர் இருக்கணும், அன்னைக்கு வந்தது ஒருத்தர்தான். பாவம், மைதானம் முழுக்க அவரே ஓடணும். அந்த நேரம் பாதி மைதானம் பின்னாடி கிடக்காரு. நடுவுல அவ்வளவு தூசி. அவரால பாத்திருக்கவே முடியாது சார். சித்தப்பா கத்துனதுல அது மட்டும் சத்தியமான உண்மை. அப்ப, நான் பாத்தேன்னு அவரு சொன்னது பொய்தானே?

ஏன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க? வெயில் அடிக்குதா? திரைய இழுத்து விடுங்க.

அத வச்சுத்தான் மனுவ எழுத உக்காந்தேன். அம்பயர் பாக்காததப் பாத்ததாச் சொன்னாருன்னு. எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்துச்சு, கோபத்துல எழுதல, ஆதாரத்தோட எழுதறேன்னு.

இதுல என் தங்கச்சி பாடுதான் சார் மோசம். அந்த மேட்ச்சுக்கு அப்புறம் அவ சரியாவே பேசல. தோத்த வருத்தம்னு நினைச்சோம். விடியறதுக்கு முன்னாடியே மட்டையத் தூக்கிட்டுத் தனியாப் போயிடுவா. அந்தச் சேவலுக்கு ஒரு நாளு கூட அவ தீனி போட்டதில்ல, அது பக்கத்துல வந்தா எழுந்து போயிடுவா. வர்ற ஞாயித்துக்கிழமை அடுத்த கெடா ஆட்டம். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கறவங்க அதப் பாக்க வர்றாங்க. ஜசிந்தாவுக்கு வயசுக் கணக்குல இதுதான் கடைசி வருஷம். சித்தப்பா என்னடான்னா டீம இறக்க மாட்டேங்கறாரு. தோத்ததையே ஒத்துக்கல, அதுக்குள்ள அடுத்த ஆட்டமா, அதுவும் அதே நெஸ்டர் விசில்லயான்னு கேக்கறாரு. டீம் இறங்கலைன்னா அவள யாரு பாப்பாங்க? நான் புத்தகத்தப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். அவளுக்கு அந்த மட்டை மட்டும்தான் இருக்கு.

முந்தாநாள் காலைல ரெண்டு பேரும் இலுப்பப் பூ பொறுக்கப் போயிருந்தோம். மனுவ முடிச்சிட்டேன்டி, இன்னைக்குக் குடுத்திடுவேன்னு சொன்னேன். கூடைய அப்படியே வச்சிட்டா. அத குடுக்காதக்கான்னா. ஏன்டின்னேன். மரத்தடியிலேயே உக்காந்துட்டா.

அந்த அம்பயர் தூசிக்குள்ள ஓடி வந்து அவகிட்ட குனிஞ்சு கேட்டிருக்காரு. பட்டுச்சாம்மான்னு. இவ இல்லன்னு தலைய ஆட்டியிருக்கா. அவ்வளவுதான்.

அம்பயர் ஆட்டக்காரியக் கேக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல சார், யாரையாவது கேக்கணும். ஆனா கேட்டிருக்காரு. அவ சொன்னத நம்பி ஊதியிருக்காரு. அப்புறம் ஊரே சுத்தி நின்னு சட்டையப் பிடிக்கறப்போ, உங்க பொண்ணுதான் சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு தப்பிச்சிருப்பாரு. எங்க ஆளுங்க அவர விட்டுட்டு இவ பக்கம் திரும்பியிருப்பாங்க. இவதான் கெடாவ வித்துட்டான்னு சொல்லியிருப்பாங்க. டீம்லயே சேத்திருக்க மாட்டாங்க. அவரு சொல்லல. பாத்தேன்னு பொய் சொல்லி, செருப்படி வாங்கி, மில்லயும் காயப்போட்டுட்டு உக்காந்திருக்காரு.

மனுவ அடுப்புல போட்டுட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இந்தச் சேவல அடிக்கணும். ஆடுன பொண்ணுங்க எல்லாரும் வருவாங்க, அம்மா சமைக்கறேன்னுட்டா, அம்மாகிட்ட நேத்து சொல்லிட்டோம். கைல இருந்த தவிட்டக் கொட்டிட்டு வந்து உக்காந்தா. அப்புறம், அந்த டொக்கு எனக்குக் கேட்ட மாதிரி இருந்துச்சேடின்னா, அவ்வளவுதான். ஊருக்கு முன்னாடி ஜசிந்தாவே எழுந்து சொல்லப் போறா. சித்தப்பா என்ன பண்ணுவாருன்னு தெரியல. ஆனா ஒருத்தரு மூடி வச்சத அவரக் கேக்காம தொறக்கக் கூடாதில்ல. அத கேக்கத்தான், வந்து எங்களோட உக்காந்து ஒரு துண்டு சாப்பிடுங்கன்னு கூப்பிடத்தான், சேவலையும் தூக்கிட்டு காஞ்சிபகாலுக்குக் கிளம்புனேன். ஏன் தூக்கிட்டு வந்தேன்னா, வெறும் வாயால கூப்பிட்டா எந்த நம்பிக்கையில வருவாரு அந்த மனுஷன்?

பஸ்ஸுல ஏறுனா நீங்க உக்காந்திருக்கீங்க.

தெரியும் நெஸ்டர் மாமா. ஏறுன உடனே தெரிஞ்சுது. அந்த வீடியோவ அத்தனை தடவ பாத்திருக்கேனே. உங்க பேரச் சொல்லிச் சொல்லிப் பேசுனதுக்கு மன்னிச்சிடுங்க, நேரா ஆரம்பிக்க பயமா இருந்துச்சு.

வேண்டாமா? அவ பேரு கெட்டுடும்னா? நானும் அதத்தான் மாமா சொன்னேன். கேக்க மாட்டேங்கறா. ஒரு தடவ தலைய ஆட்டுனேன், இப்ப வாயால சொல்றேன், என்ன பெரிசாங்கறா.

காஞ்சிபகால் வந்துடுச்சு, கண்டக்டர் கூப்பிடறாரு. நீங்க பெல்ட்ட எடுத்துக்குங்க, நான் இத எடுத்துக்கறேன். இறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும். அவ சொன்னதையும் நான் சும்மா நம்பல, என் தங்கச்சியே ஆனாலும். நேத்து அந்த வீடியோவ மறுபடி வாங்கிப் பாத்தேன். எல்லாரும் கோல் விழுந்ததோட நிறுத்திடுவாங்க, அப்புறமும் கொஞ்சம் ஓடுது. ஓரத்துல நீங்க விசில வாயிலேருந்து எடுத்துட்டு அவகிட்ட குனியறீங்க. அவ உடனே ஆட்டல மாமா. முதல்ல திரும்பி, நம்ம ஆளுங்க மாந்தல் அடிச்சு ஆடறத ஒரு தடவ பாக்கறா. அவ்வளவும் பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் இல்லன்னு தலைய ஆட்டுறா.