நாலரையா அஞ்சரையா

இல்லை மாமா, வீட்டில ஆரும் அனுப்பேல்லை. நானாத்தான் வந்தனான். இருக்கேல்லை, நிக்கிறன். தேத்தண்ணியும் வேண்டாம். நான் கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ, உங்கட அஞ்சரை மில்லிமீற்றர் காத்துத் துவக்கு இப்பவும் இருக்கோ, வித்துப்போட்டியளோ?

நித்தியானந்தன்ர சின்னவன், யதுர்சன். ஓம், அவன்தான். நீங்கள் கடைசியாக் காணேக்க எனக்கு மீசை இல்லை. இப்ப பதினெட்டு முடிஞ்சுது.

சரி, இருக்கு. அப்ப அதை எனக்கு ஒரு கிழமைக்குத் தாங்கோ.

உப்பிடிப் பாக்காதேங்கோ. ஆரையும் சுடப் போகேல்லை. முயலுக்கு. ஓம், முயல். நீங்கள் சுடலாம், நான் சுட்டா மட்டும் என்னவாம்? எங்கட பிராண்டே ஊரில தமிழ்ச் சனம் முழுக்க உங்களை முயல் மாமா எண்டுதான் சொல்லுறது, தெரியும்தானே. தெரியாதோ? சொறி, இப்ப தெரிஞ்சிட்டுது. டென்மார்க்கில பொங்கல் விழாவுக்கு முயல் கறி கொண்டு வந்த ஒரே ஆள் நீங்கள்தான். எங்கட அம்மா அந்த மேசைப் பக்கமே போகேல்லை. நான் தின்னனான். நல்லாத்தான் இருந்தது, எலும்புதான் கூட.

நாலரை மில்லிமீற்றர் காணாதோ எண்டு கேக்கிறியள். காணாது. அதைத்தான் சொல்ல வந்தனான். விளங்கப்படுத்தத் தேவையில்லை மாமா, ரெண்டு கிழமையா நான் உதைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன். நாலரைக் குண்டு சின்னன், பாரமில்லை, வேகமாப் போகும், நேராப் போகும். கடதாசியில வட்டம் கீறி வைச்சுச் சுடுறதுக்கு அதை மாதிரி ஒண்டும் இல்லை. அஞ்சரை பாரம். கொஞ்சம் தூரம் போனாலே குண்டு கீழ பதியத் தொடங்கும், நாங்கள் கணக்குப் பாத்து மேல பிடிக்கோணும். ஆனா பட்டா பட்டதுதான். நாலரை ஊசி குத்தின மாதிரிப் போகும். பட்ட சீவனுக்குத் தனக்கு என்ன நடந்தது எண்டே விளங்காது.

இடம்தான் முக்கியம், அளவில்லை எண்டு சொல்லப் போறியள். தெரியும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில, அஞ்சு குரோனர் குத்திக்காசளவு இடம். எல்லா வீடியோவிலயும் உதைத்தான் சொல்லுறாங்கள். மரக்கட்டையில குத்தியை ஒட்டி வைச்சு, அது பறக்கப் பறக்க அடிச்சும் காட்டுறாங்கள். மரக்கட்டை காதை ஆட்டாது மாமா. முயல் தின்னேக்க தலை ஒரு நிமிசம் ஒரு இடத்தில நிக்குமோ, சொல்லுங்கோ? அதுதான். இடம் கொஞ்சம் பிசகினாலும் அது கிடந்து துடிக்காத அளவுக்கு ஒரு துவக்கு வேணும். உங்கட அஞ்சரை காத்து நிரப்பிற சாதி, உதையாது. என்னட்ட இருக்கிறது என்னைவிட வயசு கூடின ஒண்டு, குழாயை முறிச்சு மடக்கிற சாதி. விசையை இழுத்தா உள்ளுக்க ஸ்பிரிங் குதிச்சு, குண்டு வெளிய போக முன்னமே முழுத் துவக்கும் ஆடுது.

என்ர இல்லை. பிரெபன்ர. ஆர் பிரெபனோ? என்ர முதலாளி. சொல்லுறன், பொறுங்கோ.

சட்டம். உது வருமெண்டு எனக்குத் தெரியும். அஞ்சரைக்கு யாக்ட்ரெய்ன் வேணும், வேட்டை லைசென்ஸ், அது உங்களிட்ட இருக்கு, என்னட்ட இல்லை. நாலரையை எண்டா நான் கடையில போய் வாங்கலாம். ஆனா அதை வைச்சு ஒரு சீவனுக்குக் குறி பிடிக்க எனக்கு உரிமை இல்லை. இதெல்லாத்தையும் வைலே ரவுணில ஒரு துவக்குக் கடைக்காரி எனக்கு நிண்டு நிண்டு படிப்பிச்சவ. நல்ல நாலரை ஒண்டு எடுத்துக் காட்டினவ, ஆசையாத்தான் இருந்தது. என்னத்துக்கு எண்டு கேட்டா. முயலுக்கு எண்டனான். அவ்வளவுதான், துவக்கைத் திருப்பி ராக்கையில வைச்சிட்டா. தகர டப்பாவுக்கு எண்டு சொல்லியிருந்தா வாங்கிக்கொண்டு வந்திருப்பன். எனக்குப் பொய் கெதியில வாயில வராது.

ஓம், வராது எண்டுதான் சொன்னனான். சிரியுங்கோ. பிரெபனுக்கு நான் ஒண்டு சொன்னனான், அது பொய்தான். அது வேற மாதிரிப் பொய்.

நான் கிம்னேசியத்தை, அந்த உயர்தரப் படிப்பை, ரெண்டாம் வருசத்தில விட்டிட்டன். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எல்லாருக்கும் தெரியும். அம்மா மட்டும்தான் இப்பவும் போன் அடிக்கிற ஆக்களுக்கு அவன் லீவில நிக்கிறான் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறா. ஒன்பது மாசமா லீவு. அக்கா டொக்ரருக்குப் படிக்கிறா, நான் மண் கிண்டுறன். சரி, கிண்டுறன். பிராண்டேக்கு வெளிய, பழமரக் கன்று வளர்த்து விக்கிற தோட்டம் ஒண்டு, அதில மூண்டு மாசமா நிக்கிறன். அப்பிள், பெயர்ஸ், பிளம்ஸ். ஒட்டுக்கட்டுறது எண்டு ஒரு வேலை இருக்கு மாமா, ஒரு தடியை வெட்டி இன்னொரு தடியில பொருத்திச் சுத்திறது. மூண்டு கிழமையால மொட்டு வெடிக்கும். நான் கட்டினதில அரைவாசிக்கு மேல பிடிச்சிட்டுது. பள்ளிக்கூடத்தில எனக்கு ஒண்டும் அப்பிடிப் பிடிக்கேல்லை.

திங்கக்கிழமையோட என்னை வேலையில வைச்சுப் பாக்கிற மூண்டு மாசம் முடியுது. அண்டைக்குத்தான் பிரெபன் சொல்லுவார், என்னை லேர்லிங்கா எடுக்கிறாரோ இல்லையோ எண்டு. எடுத்தா ரெண்டு, மூண்டு வருசம் அவரிட்ட நிண்டு தொழிலைப் பழகலாம், பேப்பர் கிடைக்கும். எடுக்காட்டி அப்பா என்னைத் தன்ர பக்டரிக்கு இழுத்துக்கொண்டு போவார். அங்க அவர் கரண்ட் எடுக்கிற காத்தாடிச் செட்டைக்கு உரஞ்சு பேப்பர் போடுற இடத்தில, அவருக்குப் பக்கத்தில நானும் முகமூடி போட்டுக்கொண்டு. நீங்களும் அங்கதானே. குறை சொல்லேல்லை. எனக்கு ஏலாது.

இப்ப பிரச்சினை என்னெண்டா, முயல். பட்டையைத் தின்னுது. ஒரு பக்கம் கடிச்சா கன்று தப்பும், அது சுத்திவரக் கடிக்குது, வளையம் போட்ட மாதிரி. சுத்திவரக் கடிச்சா அந்தக் கன்று முடிஞ்சுது. கம்பிவலை அடிச்சிருக்கு மாமா, உதைக் கேப்பியள் எண்டு தெரியும். கீழால கிண்டிக்கொண்டு வருது. நான் கட்டின வரிசையில பதினொரு கன்று பட்டுப்போச்சுது.

ரெண்டு கிழமைக்கு முன்னம் பிரெபன் கேட்டவர், உனக்குச் சுடத் தெரியுமோ எண்டு. யா யா எண்டனான். யாக்ட்ரெய்ன் இருக்கோ எண்டார். அதுக்கும் யா யா. காட்டு எண்டு கேக்கேல்லை. அந்தாள் நம்புற மனிசன். நல்லது, அந்தப் பழைய துவக்கு ஷெட்டுக்குள்ள கிடக்கு, எலிக்கு வைச்சிருந்தது, சின்னதுக்குக் காணும், நீயே பார் எண்டிட்டுப் போட்டார். இந்த வார இறுதி அவர் மகளிட்டப் போட்டார். திங்கள் வந்து வரிசையைப் பாப்பன் எண்டவர்.

ஏன் யா எண்டனியோ? உதை நீங்கள் கேக்கலாமோ மாமா? என்னை ஆர் பழக்கினது? இக்காஸ்ட் ஊரில தையல் பக்டரியில, தைக்கத் தெரியுமோ எண்டு கேட்டவுடன அப்பா யா எண்டவராம். மெசினை வாழ்க்கையில தொட்டதில்லை. பக்கத்து மெசினில நீங்கள் இருந்தனீங்கள், நீங்களும் யா எண்டிட்டுத்தான் இருந்தனீங்கள். ரெண்டு பேரும் முதல் நாள் முழுக்கக் கோணல் கோணலாத் தைச்சு, இடைவேளைக்குள்ள பிரிச்சுப் பிரிச்சுத் திருப்பித் தைச்ச கதையை நான் சின்னனா இருக்கேக்க வருசா வருசம் என்ர பிறந்தநாளுக்குச் சொல்லிச் சிரிச்சிருக்கிறியள். வெள்ளைக்காரன் கேட்டா முதல் ஓம் எண்டு சொல்லு, பிறகு பழகலாம். அதுதான் எங்கட வீட்டுச் சட்டம். லைசென்ஸ் எடுக்க முன்னம் லொறி ஓட யா எண்டவர் அப்பா. டேனிஷ் தெரியாம கூட்டத்துக்கு மொழிபெயர்க்க யா எண்டவர். எல்லாம் சரி வந்தது. துணி பிழைச்சா பிரிக்கலாம், குண்டு பிழைச்சா ஏலாது. அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை.

கோவிக்கேல்லை. நான் கதைக்கிறதே உப்பிடித்தான்.

ஓம், சுட்டனான். இண்டைக்குக் காலமை. விடியேக்க போய் ஷெட்டுக்குப் பின்னால குப்புறப் படுத்துக் கிடந்தனான், புல்லெல்லாம் பனி. மூண்டு வந்துது. ரெண்டு சின்னன், ஒண்டு பெரிசு. பெரிசு என்ர வரிசைக்குத்தான் நேராப் போச்சுது, விறைச்சுப்போய்க் கிடக்கிற எனக்கு முன்னால, நான் கட்டின கன்றை முகர்ந்து பாக்குது. எனக்கு நல்லாக் கோவம் வந்தது. கோவத்தோட விசையை இழுக்கக் கூடாது எண்டு ஒரு வீடியோவிலயும் சொல்லேல்லை.

பட்டுது. தலையில இல்லை. பின்னுக்கு, இடுப்படியில.

மாமா, முயல் கத்தும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? தெரியும். எனக்குத் தெரியாது. அவங்கள் வீடியோவில சத்தத்தை வெட்டிப்போட்டுப் பாட்டுப் போட்டிருக்கிறாங்கள். முயலுக்கு ஒரு சத்தம் இருக்கெண்டே எனக்குத் தெரியாது. ஏதோ குழந்தைப்பிள்ளை கதவுக்குள்ள கை நெரிபட்ட மாதிரி. முன்னங்கால் ரெண்டாலயும் இழுத்துக்கொண்டு போகுது, பின்பக்கம் சும்மா வருது.

திருப்பிச் சுட்டனான். படேல்லை. பிறகு குண்டை உள்ளுக்க வைக்கவே ஏலாமப் போச்சுது, அந்தச் சின்னக் குண்டு விரலுக்க நிக்கேல்லை, புல்லுக்குள்ள விழுந்திட்டுது. அதுதான் சொல்லுறன், நாலரை சரிவராது. அஞ்சரை எண்டா குண்டும் பெரிசு, பிடிக்கலாம். ஸ்கோப்பும் நல்லது உங்கட. நாளைக்கு முழுநாள் இருக்கு எனக்கு. ரெண்டு சின்னனும் இருக்கு, அதுகள் திருப்பி வரும். தருவியளோ மாட்டியளோ, ஒரு வார்த்தையில சொல்லுங்கோ, நான் போறன்.

மாட்டியள். சரி. இரவல் குடுத்தா உங்கட யாக்ட்ரெய்னைப் பறிப்பாங்கள், அது ஞாயம்தான். நான் உங்கட இடத்தில இருந்தாலும் தரமாட்டன்.

பிரெபனுக்கு உண்மையைச் சொல்லட்டாம். சொல்லுவன். திங்கள் காலமை முதல் வேலையே அதுதான், வரேக்க யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான். எடுத்தா எடுக்கட்டும், விட்டா விடட்டும். அது என்ர பாடு. துவக்குக்கு உண்மையில நான் வரேல்லை. வந்தனான்தான், வெளிக்கிடேக்க துவக்கு எண்டுதான் வெளிக்கிட்டனான். இஞ்ச வந்து கதைக்கக் கதைக்கத்தான் எனக்கே விளங்குது.

அந்த முயல் என்ன ஆச்சுது எண்டு மூண்டாம் தரம் கேக்கிறியள்.

சாகேல்லை மாமா. வேலியடியில போய் நிண்டிட்டுது, கம்பிக்குள்ள தலையை வைச்சுக்கொண்டு. நான் ஜாக்கெட்டைப் போட்டு மூடித் தூக்கினனான். மண்வெட்டி பக்கத்தில கிடந்தது. எடுத்தனான். மூண்டு தரம் எடுத்து மூண்டு தரம் வைச்சிட்டன். விட்டிட்டுப் போகவும் ஏலேல்லை. மிருக டொக்ரரிட்டக் கொண்டு போனா குண்டைக் காணுவாங்கள், ஆர் சுட்டது எண்டு கேப்பாங்கள். அதுக்குப் பயந்து நான் ஷெட்டுக்குள்ள ஒரு மணித்தியாலம் அதோட இருந்தனான். அது கத்தினதையும் நிப்பாட்டிட்டுது. அப்பாவுக்குப் போன் அடிக்க எடுத்தனான். அவர் வருவார், உடன வருவார். விடு, எனக்குத் தெரியும் எண்டு சொல்லிக்கொண்டு வருவார். அவருக்குத் தெரியாது மாமா. அதையும் கோணலாத்தான் செய்வார்.

நீங்கள் ஒருக்காச் சொன்னனீங்கள், கழுத்தை முறிச்சா ஒரு செக்கன்தான், அது அறியாது எண்டு. அது உண்மையோ, சும்மா சொன்னதோ? உண்மையெண்டா வாங்கோ.

வெளியதான். என்ர காரில, பின் சீற்றில, அப்பிள் பெட்டிக்குள்ள. ஓம், இன்னும் மூச்சு இருக்கு. குலுங்கக் கூடாதெண்டு உருட்டி உருட்டித்தான் வந்தனான், பின்னால லொறிக்காரன் ஹோர்ன் அடிச்சு அடிச்சு வந்தவன். நான் காலைப் பிடிக்கிறன், நீங்கள் செய்யுங்கோ. இல்லை, நான் மற்றப் பக்கம் திரும்பமாட்டன், பாப்பன்.

சப்பாத்தைப் போடுங்கோ. கார்க் கதவை மட்டும் அடிச்சுச் சாத்தாதேங்கோ மாமா, அது வெருளுது.