இரண்டு குடத்துக்காரி

சீட்டு சேர்க்கிறேன் என்று சொன்னால் பாகூரில் இரண்டே விதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ரம்மி ஆடி அப்பன் சொத்தை அழிக்கிறான் என்பார்கள். இல்லாவிட்டால் மாதச் சீட்டு பிடித்து ஊருக்கு நாமம் போடப் போகிறான் என்பார்கள். நான் இரண்டும் இல்லை ஐயா. முதலிலேயே அதைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. ஏட்டையா எழுதிக்கொண்டு வரட்டும், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் மணவாளன். கரும்பும் நெல்லும் இருக்கிறது, ஆள் வைத்துப் பார்க்கிறேன். என் வீட்டு வாசலில் 'அகில உலக நிமித்தச் சீட்டு ஆராய்ச்சி மன்றம்' என்று பலகை இருக்கிறதே, அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலைவரும் செயலாளரும் நான்தான். உறுப்பினராக என் மைத்துனரைச் சேர்த்திருந்தேன். கூட்டத்துக்கு ஒழுங்காக வராததால் நீக்கிவிட்டேன். நிமித்தச் சீட்டு என்றால் வருங்காலம் பார்க்கிற படச் சீட்டு. நம் கிளி ஜோசியர்கள் வைத்திருக்கிற சாமிப் படக் கட்டு முதல், வெள்ளைக்காரர்கள் மேசையில் பரப்பிப் பார்க்கிற தாரோ கட்டு வரைக்கும் எல்லாம் என்னிடம் உண்டு. இந்தத் தெற்கு இந்தியாவில் வேறு எவனிடமும் இல்லை என்பது என் அபிப்பிராயம். எனக்கு ஜோசியத்தில் துளி நம்பிக்கை கிடையாது. இது முழுக்க விஞ்ஞானம்.

வில்லியனூரில் ஷரீப் பாய் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். கடற்கரைப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டிருக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பும்போது மூட்டையை அவரிடம்தான் தள்ளிவிட்டுப் போவார்கள். அதில் சீட்டுக் கட்டு கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லி அனுப்புவார். என் வாழ்க்கையின் பெரிய கட்டும் அவர் வழியாகத்தான் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோன் போய் வந்த சாமிநாதன் என்கிற சொல்தா, பென்ஷன் வாங்கிக்கொண்டே செத்துப்போனார். அவர் பெட்டியில் இருந்த தாரோ கட்டு அது. கையால் வண்ணம் தீட்டியது. எடுத்துப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் இருந்தது, ஒரே ஒரு சீட்டைத் தவிர. நட்சத்திரச் சீட்டு. ஒரு பெண் ஆற்றங்கரையில் மண்டியிட்டு இரண்டு குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிற படம். அதைக் காணோம்.

கட்டில் ஒன்று குறைந்தால் அது கட்டே இல்லை ஐயா. வெறும் அட்டை.

ஆனாலும் கொம்யூன் பஞ்சாயத்து மண்டபத்தில் கண்காட்சி வைத்தேன். நம் பஞ்சாயத்துத் தலைவர் மேர் மாலையோடு வந்து, சீட்டாட்டத்தின் தீமைகளைப் பற்றி நெடுநேரம் பேசினார். நான் காதோரம் விளக்கியும் அவர் பேச்சை மாற்றவில்லை. மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார், பாவம். பிறகு சுற்றிப் பார்த்தார். நட்சத்திரச் சீட்டு இருக்கவேண்டிய இடத்தை மட்டும் நான் பட்டுத் துணியில் காலியாக விட்டிருந்தேன். அங்கே போய் நின்றுகொண்டார்.

"இன்னா சார், இந்த எடம் காலியா கீது? எவனாவது தூக்கினு பூட்டானா?"

ஊரே சிரித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பாசிமணி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பையன் அந்தக் காலி இடத்தின் மேல் விரலை வைத்து, என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்துவிட்டுப் போனான். விஷயம் தெரிந்தவன் சிரிப்பு வேறு ஐயா. அதற்குப் பிறகு எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. கரும்பு வெட்டு நடந்தது, என் தங்கை மகளுக்குக் கல்யாணம் நடந்தது, நானும் அங்கே இருந்தேன் என்கிறார்கள்.

ஷரீப் பாய்தான் ஒரு நாள் சொன்னார்.

"ஒரு சீட்டுக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சினு இருக்கீங்க? உங்க ஊர்ச் சந்தையில இருசப்பன்னு ஒரு கிளி ஜோசியன் உக்காந்திருக்கான், பாத்ததில்ல? அவன் கட்டுல ஒரு வெள்ளைக்காரி இருக்கா சார். ரெண்டு கையிலயும் குடம். சொல்தா வூட்டுல அவன் அப்பன் சீட்டு எடுத்தப்ப, காசுக்குப் பதிலா குடுத்ததாம்."

நான் உலகம் பூராவும் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த சீட்டு, என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் புளியமரத்தடியில் இருந்திருக்கிறது. கிளியின் வாயில்.

இருசப்பன் கரையாம்புத்தூர்க்காரன். போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன். பிள்ளையார், முருகன், மாதா, புத்தர் என்று அவன் கட்டில் சகல மதமும் இருந்தது. நடுவே அவள் இருந்தாள். என் கட்டுச் சீட்டுகளுக்கு இருக்கிற அதே பின்பக்கம், அதே நீலக் கோடு. படத்தில் அந்தப் பெண் உடம்பில் துணி இல்லாமல் இருப்பாள், அப்படித்தான் வரைவது மரபு. இருசப்பன் அவளுக்குச் சிவப்பு மையால் ரவிக்கையும் புடவையும் போட்டுவிட்டிருந்தான். நெற்றியில் பொட்டு வேறு. கங்கையம்மா என்று பேர் வைத்திருந்தான்.

கேட்டேன். தர மாட்டேன் என்றான். மகாலட்சுமி படம் போட்ட புதுச் சீட்டு பத்து தருகிறேன் என்றேன்.

"அதெல்லாம் ஆவாது சாமி. ஆடி மாசம் வீராம்பட்டினத்துல அம்மன் காலடியில வச்சி எடுத்த கட்டு. ஒண்ணு கொறைஞ்சா கட்டு செத்துப்பூடும். ராசாத்தி அப்புறம் வாயே வைக்க மாட்டா."

ராசாத்தி என்பது கிளி. ஒரு சீட்டு குறைந்தால் கட்டு செத்துவிடும் என்பதை எனக்கே பாடம் எடுத்தான். எத்தனை முறை போனேன் என்று சொன்னால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அவன் பெண்சாதி தனக்கொடியிடம் புடவை கொடுத்துப் பார்த்தேன், கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். மேரை விட்டுச் சொல்லவைத்தேன். அவர் அங்கேயே உட்கார்ந்து தனக்கு ஒரு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த தேர்தலில் ஜெயம் என்று வந்ததில் நான் அனுப்பியதையே மறந்துவிட்டார்.

ஏன் திருடவில்லை என்று கேட்பீர்கள். ஷரீப் பாயும் கேட்டார். எங்கள் வம்சத்தில் திருட்டு கிடையாது ஐயா.

யோசித்தபோது விஷயம் சுலபமாகத்தான் தெரிந்தது. கிளி இருப்பதால்தான் கட்டு வேண்டியிருக்கிறது. கிளி இல்லாவிட்டால், அவனுக்கு அது வெறும் அட்டை. அவனே கொண்டுவந்து தருவான், நானும் நியாயமாக வாங்கிக்கொள்வேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? கிளிதானே. கரும்புக்கு வைத்திருந்த பூச்சி மருந்து வீட்டில் இருந்தது. செவ்வாய்க்கிழமை எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்பதால் புதன்வரை பொறுத்தேன். நல்ல கொய்யாப்பழமாக ஒன்று எடுத்துப்போனேன்.

அன்று இருசப்பனுக்கு என் மேல் சந்தோஷம். "சாமிக்குக் கோவம் போய்ட்டுதா?" என்று சிரித்துக்கொண்டே பழத்தை வாங்கிக் கூண்டுக்குள் வைத்தான். கிளி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. ஒரு கடி கடித்தது. துப்பிவிட்டு, அலகைக் கம்பியில் இப்படியும் அப்படியுமாகத் துடைத்துக்கொண்டது. காலால் பழத்தைத் தள்ளியும் விட்டது. இத்தனை வருஷம் சீட்டு எடுத்ததில் அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் கலியம்மாள் வந்தாள். என் கொல்லையில் களையெடுக்கிறவள். இடுப்பில் பெண் குழந்தை. அதற்குப் பேச்சு வரவில்லை என்பது கொல்லையில் எல்லாருக்கும் தெரியும். வரப்பில் உட்கார வைத்தால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

"ணா, கிளி கடிச்ச பழம் எதுனா இருந்தா குடுணா. நாலு வயசாவுது. அம்மான்னு ஒரு வார்த்த கூப்புடல."

கிளி கடித்த பழம் தின்றால் பேசாத குழந்தை பேசும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. மூடத்தனம். இதைப் பற்றி மன்றத்தின் சார்பில் நான் கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

"உனக்கு நேரம்டி," என்றான் இருசப்பன். "இப்பத்தான் சாமி குடுத்தாரு. இந்தத் திமிரு புடிச்சவ ஒரு கடி கடிச்சிட்டு வேணாம்னுட்டா. எடுத்துக்கோ."

கலியம்மாள் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "ஆண்டே கையால வந்த பழமா? அப்ப எம்பொண்ணு பேசாம எங்க போவுது?"

வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். இதை ஏட்டையா தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். வாயெடுத்தேன். ஆனால் இருசப்பன் அதற்குள், "பாப்பாவுக்கு ஒரு சீட்டு எடு ராசாத்தி, காசு வேணாம்" என்று கூண்டைத் திறந்துவிட்டான். கிளி நடந்துபோய் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு ஒரு சீட்டை இழுத்துப் போட்டது. அவள்தான். நல்ல வெயிலில், என் முழங்காலுக்குப் பக்கத்தில் விழுந்தாள். அதுவரை அவன் எனக்குத் தூரத்திலிருந்துதான் காட்டியிருந்தான். சிவப்பு மையைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம் என்று அப்போதுதான் தெரிந்தது, அடியில் வண்ணம் பழுதில்லாமல் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது குழந்தை தின்றுகொண்டிருந்தது.

இல்லை, அது சரியில்லை. வாக்குமூலம் என்றால் உள்ளபடி இருக்க வேண்டும். முதல் கடியைப் பார்த்தேன். இப்போது சொன்னால் பழத்தில் என்ன என்று இருசப்பன் கேட்பான், கேட்டுவிட்டால் அந்தச் சீட்டு இந்த ஜன்மத்தில் எனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன். அதன் பிறகுதான் குனிந்து சீட்டைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. கலியம்மாள்தான் முதலில் கேட்டாள்.

"பேசறாடீ! எம்பொண்ணு பேசறா!"

சந்தையில் இருந்த பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒருத்தி குலவை போட்டாள். அம்மா சொல்லு, அத்தை சொல்லு என்று ஆளாளுக்குக் குழந்தையைக் கெஞ்சினார்கள். இருசப்பன் கிளியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடினான். கலியம்மாள் அழுகையும் சிரிப்புமாகக் குழந்தையின் முகத்தை என் பக்கம் திருப்பி, "ஆண்டே, கேளுங்க ஆண்டே" என்றாள்.

கேட்டேன். அது என்ன சத்தம் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரி பக்கம்தான். என்னிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. "நல்லது" என்று சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கிளி சாகவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான். செய்த காரியம் ஒன்றுகூட உருப்படவில்லை.

மற்றதை நீங்களே அறிவீர்கள். கிளிக் கூண்டிலிருந்து போன பழம் என்று இருசப்பனைக் கொண்டுவந்து உள்ளே வைத்தீர்கள். அவன் என் பெயரைச் சொன்னபோது, பெரிய மனுஷன் மேல் பழி போடுகிறாயா என்று நீங்களே அதட்டினீர்களாம். அந்த மரியாதைக்கு நன்றி. கலியம்மாளையும் நான் விட்டுவிடவில்லை. குழந்தையின் அடக்கத்துக்காக வேலைக்கு வராமல் நின்ற நாளின் கூலியைப் பிடிக்காமல் கொடுத்தேன்.

ஆனால் அவனைப் பிடித்தபோது, சாட்சிப் பொருள் என்று அவன் சீட்டுப் பெட்டியையும் சேர்த்து எடுத்து வந்துவிட்டீர்கள். நான் எதிர்பார்க்காதது அது ஒன்றுதான். நேராகத் தனக்கொடியிடம் போனேன். அவள் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தாள்: "எம்புருசன வெளிய கொண்டாந்து வுடு சாமி. அந்த வெள்ளைக்காரிய நானே எடுத்து உன் கையில குடுக்கறேன்." மேரிடம் போனேன். குழந்தை செத்த கேஸில் கை வைக்க முடியாது, ஓட்டு போய்விடும் என்றார். ஷரீப் பாயிடம் போனேன். அவர் உங்கள் ஸ்டேஷன் அறையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "பெட்டி ஈரத் தரையில கெடக்குது சார். மேல அரக்கு உருக்கி சீல் வச்சிருக்காங்க. கேஸு நடந்து முடிய வருஷமாவும். கரையான் அதுக்குள்ள தீர்ப்பு சொல்லிடும்."

நான் எல்லா வழியிலும் முயன்று பார்த்தேன் ஐயா. வேறு வழி இல்லை. அவன் வெளியே வர வேண்டுமென்றால் செய்தவன் உள்ளே வர வேண்டும். அதனால் வந்திருக்கிறேன். பழத்தில் மருந்து வைத்தது நான். குழந்தை தின்றபோது தெரிந்தே சும்மா இருந்ததும் நான்தான். இருசப்பனுக்கு ஒன்றும் தெரியாது. அவனை இன்றைக்கே விட்டுவிடுங்கள், பெட்டியையும் கொடுத்தனுப்புங்கள். ஜெயிலில் எத்தனை சாமான் வைத்துக்கொள்ள விடுவார்கள் என்பதை மட்டும் விசாரித்துச் சொன்னால் போதும். ஒரு சீட்டுக் கட்டு பெரிய இடம் பிடிக்காது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா?

குழந்தை பெயரா? தெரியாது ஐயா. பேசாத குழந்தை, யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதைக் கலியம்மாளைக் கேட்டு அப்புறம் நிரப்பிக்கொள்ளலாமே. முதலில் அந்தப் பெட்டியை எடுத்துவரச் சொல்லுங்கள். அரக்கைக் கத்தியால் சுரண்ட வேண்டாம், மேலே இருப்பது அவளாக இருந்தாலும் இருக்கும்.